கரிசல் பூமிக்கு ஏற்ற கயிறு

கயிறு இல்லாத கிராமம் இல்லை. மாட்டைத் தொழுவில் கட்டவும், கிணற்றில் வாளி இறக்கவும், வண்டியில் ஏற்றிய சோளத்தட்டையைப் பிணைக்கவும், விழாப் பந்தலை நிலைநிறுத்தவும் கயிறே வேண்டியிருக்கிறது. ஆயினும், விதை வாங்கும்போது பத்துப் பேரைக் கலந்து யோசிக்கும் நாம், கயிறு வாங்கும்போது மட்டும் கடையில் எடுத்துக் கொடுத்ததைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். விலை குறைந்ததா, பார்வைக்குத் தடிமனாக இருக்கிறதா என்னும் இரண்டையே கவனிக்கிறோம்.

கயிறு அறுந்தால் நட்டம் கயிற்றோடு நிற்பதில்லை. கிணற்றில் இறங்கிய மோட்டார் ஆழத்திற்குப் போய்விடும். வண்டிப் பாரம் சாலையில் சரிந்து பின்னால் வருபவரின் மேல் விழும். கிணற்றுக்குள் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே, எந்த வேலைக்கு எந்தக் கயிறு பொருந்தும் என்பதை ஒவ்வொரு விவசாயியும், ஒவ்வொரு பஞ்சாயத்து உறுப்பினரும் தெரிந்துகொள்வது அவசியமாகும். எல்லா வேலைக்கும் சிறந்த கயிறு என ஒன்று கிடையாது. வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இக்கயிறு வெயிலில் கிடக்கப் போகிறதா? ஈரத்தில் கிடக்கப் போகிறதா? இது அறுந்தால் எது அழியும்? இம்மூன்றுக்கும் விடை கண்டால் தேர்வு தானே அமையும்.

கரிசல் வட்டாரத்தின் தனித்தன்மை

ஒட்டப்பிடாரம் ஒன்றியத்தைச் சேர்ந்த பாஞ்சாலங்குறிச்சியையும், அதனைச் சூழ்ந்து கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வரை பரந்து கிடக்கும் கரிசல் பூமியையும் எடுத்துக்கொள்வோம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய் ஆகியவை இங்கு பெரும்பாலும் மானாவாரியாகவே விளைகின்றன. இவ்வட்டாரத்தின் மானாவாரிப் பயிர்களை ஆராய்வதற்காகவே கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தப்பட்டது.

இங்கே ஆண்டின் பெரும்பகுதி கடும் வெயில். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை. கரிசல் மண் மிக நுண்ணிய களிமண். மழையில் அது ஊதிப் பிசுபிசுத்து நெடுநாள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். கோடையில் சுருங்கி ஆழமாக வெடிக்கும். எனவே, இங்கு வெளியில் கிடக்கும் கயிறு இருவகைச் சோதனைக்கு உள்ளாகிறது. பல மாதங்கள் வெயிலில் காய்ந்து, பிறகு சில வாரங்கள் சேற்றில் ஊறுகிறது. சேறு உலர்ந்தபின் மண் துகள்கள் புரிகளுக்குள் தங்கி, கயிறு இழுபடும்போதெல்லாம் உள்ளிருந்தே இழைகளை அறுக்கின்றன. ஆற்றுப் பாசனப் பகுதியில் நன்கு உழைக்கும் கயிறு இங்கே முன்னதாகவே கெட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

முற்காலத்தில் இவ்வட்டாரத்துக் கிணறுகளில் கமலை இறைப்பு நடைபெற்றது. சாலைத் தூக்கும் தடித்த வடம் ஒன்றும், தோல் வாயை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய வால்கயிறு ஒன்றும் நாள்தோறும் பலமுறை இறங்கி ஏறின. வடம் அறுந்தால் மாடும் ஆளும் விபத்துக்கு உள்ளாவர். ஆகையால், வடத்தைத் தடவிப் பார்த்துத் தேய்வை அறியும் பழக்கம் குடியானவர்களிடம் இருந்தது. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், படிப்படியாக மின்சாரம் பரவிக் கமலை மறைந்தது. அதனோடு கயிற்றைச் சோதித்துப் பார்க்கும் பழக்கமும் குறைந்துவிட்டது. அந்தப் பழக்கம் மீண்டும் நமக்குத் தேவை.

கயிறு வலிமை பெறும் விதம்

நார்களைச் சேர்த்து முறுக்கினால் இழை. இழைகளைச் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்கினால் புரி. மூன்று புரிகளை மீண்டும் எதிர்த் திசையில் முறுக்கினால் கயிறு. ஒன்றுக்கொன்று எதிரான இம்முறுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால்தான் கயிறு தானாகப் பிரிவதில்லை. முறுக்குக் குறைந்தால் கயிறு தளர்ந்து விரைவில் தேயும். முறுக்கு மிகுந்தால் விறைத்து வலிமை குன்றும். புரி முறுக்கிய கயிறு அல்லாமல், பல இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பின்னற் கயிறும் உண்டு. அது சுழலாது, கைக்கு மென்மையாக இருக்கும்.

ஒரே பொருளால் ஆன கயிற்றில் பருமன் இரட்டித்தால் வலிமை இரட்டிப்பதில்லை. ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. 6 மில்லிமீட்டர்க் கயிறு தாங்குவதைப்போல் 12 மில்லிமீட்டர்க் கயிறு சுமார் நான்கு மடங்கு தாங்கும். மாறாக, தேய்ந்து பருமனில் பாதியாகிவிட்ட கயிறு, பாதி வலிமையுடன் இருப்பதாக நினைக்கலாகாது. அதில் எஞ்சியிருப்பது கால்பங்கே.

நார்க் கயிறுகள்

பனைநார்: பனை மட்டையிலிருந்து உரிக்கும் நார் இவ்வட்டாரத்தின் சொந்தப் பொருள். கட்டில் பின்னவும், கூரை வேயவும், வேலி கட்டவும் ஏற்றது. செலவு குறைவு. உலர்ந்தால் விறைத்து ஒடியும். ஆகையால் கட்டுமுன் நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். பாரம் தூக்க ஏற்றதன்று. பனை மரங்களைக் காப்பதற்கும் பெருக்குவதற்கும் 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு தனித் திட்டம் அறிவித்தது. நார் உரிக்கும் தொழிலுக்கும் அதனால் பயன் உண்டு.

தேங்காய்நார்க் கயிறு: நீரில், குறிப்பாக உப்பு நீரில், எளிதில் மட்காதது இதன் சிறப்பு. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவுக்கு வந்த இபின் பதூதா, இக்கயிற்றால் மரக்கலங்களின் பலகைகள் தைத்து இணைக்கப்பட்டதைக் குறித்துள்ளார். கடலோர உப்பளங்களுக்கும், உவர் நீர்க் கிணறுகளுக்கும் இது பொருத்தமானது. அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஏறத்தாழக் கால்பங்கு வரை நீண்டு கொடுக்கும்; நீரில் மிதக்கும். ஆனால், ஒரே பருமனில் உள்ள மற்ற நார்க் கயிறுகளைவிட வலிமை மிகவும் குறைவு. எனவே, தேங்காய்நார்க் கயிற்றைப் பாரத்திற்குப் பயன்படுத்துவோர் பருமன் மிகுந்ததையே கொள்ள வேண்டும்.

பருத்தி நூற்கயிறு: கருங்கண்ணி விளைந்த இம்மண்ணில் பருத்திக் கயிற்றின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. மென்மை இதன் குணம். கால்நடையின் தோலை அறுக்காது. முடிச்சு நன்றாக நிற்கும். நனைந்தவுடன் இதன் வலிமை குன்றுவதில்லை. ஆனால், ஈரமாகவே கிடந்தால் பூஞ்சணம் பிடித்து மட்கிவிடும். நாள்தோறும் கைபட்டுப் புழங்கி, இரவில் உலர்ந்த இடத்தில் தொங்கும் கயிற்றுக்குப் பருத்தி ஏற்றது. சேற்றில் கிடக்கும் கயிற்றுக்கு ஏற்றதன்று.

சணப்பு, புளிச்சை: பசுந்தாள் உரத்திற்காக விதைக்கும் சணப்பின் தண்டை நீரில் ஊறவைத்து எடுக்கும் நார், உறுதியான வீட்டுக் கயிறு தரும். புளிச்சை நாரும் அத்தகையதே. தட்டைக் கட்டுகள், பயறுச் செடிக் கட்டுகள் ஆகியவற்றிற்கு இவை நல்லவை.

கற்றாழை, மருள்: வேலியோரங்களில் தானே வளரும் யானைக் கற்றாழையின் மடலைச் சுரண்டிக் கழுவி உலர்த்தினால் நீண்ட வெண்ணார் கிடைக்கும். மருளின் மடலிலிருந்தும் அவ்வாறே எடுக்கலாம். இவற்றை ஊறவைத்து அழுகவிட வேண்டுவதில்லை. கற்றாழை நார்க் கயிறு, கப்பல்களுக்குப் பேர்போன மணிலாக் கயிற்றின் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு உடையது. சற்றுச் சொரசொரப்பாக இருப்பதால் கையை உறுத்தும். ஆனால், முடிச்சு வழுக்காது.

நார்க் கயிறுகள் அனைத்திற்கும் பொதுவான இயல்புகள் சில உண்டு. வெயிலை ஓரளவு தாங்கும். ஈரத்தில் கிடந்தால் மட்கும். பருத்தி, சணப்பு, கற்றாழைக் கயிறுகள் நனைந்தால் பருத்து நீளத்தில் சுருங்கும். பந்தற் கயிற்றை வெயிலில் விறைப்பாகக் கட்டிவிட்டு மழை பெய்ய விட்டால், கயிறு சுருங்கி முளையைப் பிடுங்கிவிடும். அல்லது தானே அறும். எனவே, மழைக்காலத்தில் சற்றுத் தளர்வாகக் கட்ட வேண்டும். உழைத்து முடிந்தபின் இக்கயிறுகள் மண்ணோடு மண்ணாகிவிடுவது இவற்றின் பெரும் நன்மையாகும்.

செயற்கை இழைக் கயிறுகள்

கடைகளில் 'பிளாஸ்டிக் கயிறு' என்றும் 'நைலான் கயிறு' என்றும் சொல்லப்படுவன எல்லாம் ஒன்றல்ல. நான்கு வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

நைலான்: 1935-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. இந்நான்கினுள் வலிமை மிக்கது. இழுத்தால் நீண்டு, விட்டால் மீளும். ஆகையால் திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். நீரில் அமிழும். நனைந்தால் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். சற்று நீளவும் செய்யும். அமிலம் பட்டால் கெடும்.

பாலியெஸ்டர்: 1941-இல் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டது. அதிகம் நீளாது, நனைந்தாலும் வலிமை குறையாது, இந்நான்கினுள் வெயிலை நன்கு தாங்கும். விலை சற்று மிகுதி.

பாலிபுரொப்பிலீன்: 1954-இல் இத்தாலியில் கண்டறியப்பட்டது. மிக இலேசானது, நீரில் மிதக்கும், ஈரத்தில் மட்காது, விலை மலிவு. ஆனால் வெயிலே இதன் எதிரி. வெயில் தாங்கும் பொருள் சேர்க்கப்படாத கயிறு, வெட்டவெளியில் கிடந்தால் மேற்புறம் பொடிந்து, மயிர் மயிராகப் பிரிந்து, வலிமை இழந்துவிடும். ஏறத்தாழ 165 டிகிரி வெப்பத்தில் உருகிவிடுவதால், விட்டத்தின் மேல் உராய்ந்து ஓடும்போதே இளகக் கூடும்.

பாலிஎதிலீன்: மீன்பிடி வலைகளிலும் படகுகளிலும் மிகுதியாகக் காணப்படுவது. நீரில் மிதக்கும், மட்காது, பாலிபுரொப்பிலீனைக் காட்டிலும் வெயிலைச் சற்று நன்றாகத் தாங்கும். மிகவும் வழவழப்பானது, முடிச்சு நழுவும்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். கரிப்பொடி சேர்த்துக் கறுப்பாக்கிய பாலிபுரொப்பிலீன், பாலிஎதிலீன் கயிறுகள் வெயிலில் நெடுநாள் நிற்கும். கரி வெயிலின் தீய கதிர்களை உள்ளே புகவிடாது தடுப்பதே காரணம். அழகிய நிறமுள்ள கயிற்றைவிடக் கறுப்புக் கயிறு கரிசல் காட்டுக்கு நன்மை தருவது இதனால்தான்.

எண்கள் கூறும் பாடம்

ஆலையில் தரமாகச் செய்த புதிய 12 மில்லிமீட்டர் முப்புரிக் கயிறுகள் அறுவதற்குத் தேவைப்படும் பாரத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். நைலான் சுமார் 3,000 கிலோ. பாலியெஸ்டர் சுமார் 2,200 கிலோ. பாலிபுரொப்பிலீன் சுமார் 2,000 கிலோ. பாலிஎதிலீன் சுமார் 1,500 கிலோ. மணிலா சுமார் 1,000 கிலோ. கற்றாழை அதற்கும் சற்றுக் குறைவு. வீட்டிலும் குடிசைத் தொழிலிலும் கையால் திரித்த கயிற்றுக்கு இவ்வெண்கள் பொருந்தா.

இவ்வளவு தாங்கும் என்பதால் அவ்வளவும் ஏற்றலாம் என்று கொள்ளலாகாது. முடிச்சு இட்டால் கயிற்றின் வலிமையில் ஏறத்தாழப் பாதி போய்விடும். திடீரென இழுத்தால் பாரம் பன்மடங்காகும். தேய்வும் பழமையும் அதனோடு சேரும். ஆகவே, பொருள்களைத் தூக்குவதற்கு அறும் பாரத்தில் பத்தில் ஒரு பங்கையே அளவாகக் கொள்வது நல்லது. மேற்சொன்ன 12 மில்லிமீட்டர் நைலானுக்கு அது 300 கிலோ. பாலிபுரொப்பிலீனுக்கு 200 கிலோ. மணிலாவுக்கு 100 கிலோ.

ஒரு பாரத்தை இரு கயிறுகளால் இருபுறமும் சரிவாகத் தூக்கும்போது மற்றொரு விஷயமும் கவனிக்கத்தக்கது. கயிறுகள் நேராக நின்றால் ஒவ்வொன்றும் பாதிப் பாரத்தையே தாங்கும். கயிறுகள் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி அளவே உயர்ந்திருந்தால், ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்தின் இழுப்பைத் தாங்க வேண்டிவரும். அதற்கும் தாழ்ந்தால் இழுப்பு மேலும் கூடும். ஆகவே, தூக்கு கயிறுகளை நீளமாக விட்டுச் செங்குத்தாக அமைப்பதே பாதுகாப்பு.

வேலைக்கு ஏற்ற தேர்வு

மாடும் ஆடும்: மூக்கணாங்கயிற்றுக்கும் தலைக்கயிற்றுக்கும் பருத்தி நூற்கயிறே சிறந்தது. மெல்லிய நைலான் கயிறு மூக்குத் தண்டை வாள்போல் அறுக்கும். காலில் சுற்றினால் புண்ணாக்கும். மேய்ச்சலில் முளையடித்துக் கட்டும் நீண்ட கயிற்றுக்கு விரலளவு பருமனுள்ள தேங்காய்நார் அல்லது பின்னற் கயிறு கொள்ளலாம். கழுத்தில் ஒருபோதும் இறுகும் சுருக்கு இடலாகாது. கயிறு முறுக்கேறாதபடி இடையில் ஒரு சுழல் வளையம் கோத்தல் நன்று.

தட்டையும் பயிர்க் கட்டும்: தீவனக் கட்டுகளைப் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டுவதை அறவே விட வேண்டும். கட்டை அவிழ்க்கும்போது துண்டுகள் தட்டையோடு கலந்து மாட்டின் வயிற்றில் சேர்கின்றன. அவை செரிப்பதில்லை, வெளியேறுவதும் அரிது. இரைப்பையில் திரண்டு, மாடு தீனி தின்னாமல் மெலிந்து, அறுவை செய்ய வேண்டிய நிலை உண்டாகும். சணப்பு, புளிச்சை, பனைநார் இருக்க இந்த ஆபத்து எதற்கு?

கிணறும் மோட்டாரும்: வாளிக் கயிறு நாள்முழுதும் நனைவதால் பாலிபுரொப்பிலீன் அல்லது தேங்காய்நார் பொருந்தும். திறந்த கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரை மின்கம்பியைப் பிடித்துத் தொங்கவிடுவது பெருந்தவறு. தனியே நைலான் அல்லது பாலிபுரொப்பிலீன் கயிறு கட்டவேண்டும். கிணற்றுக்குள் வெயில் படாத பகுதியில் இக்கயிறு பல ஆண்டுகள் நிற்கும். ஆனால், கிணற்று வாயில் வெயில் படும் சில அடி நீளமே முதலில் நைந்துபோகும். அவ்விடத்தை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

வண்டிப் பாரமும் தார்ப்பாயும்: பருத்தி மூட்டை, மிளகாய் மூட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றைச் சாலையில் ஏற்றிச் செல்லும்போது அதிகம் நீளாத பாலியெஸ்டர் சிறந்தது. நைலான் கொண்டு கட்டினால் வழியில் நீண்டு தளரும். களத்தில் தானியத்தை மூடிய தார்ப்பாய்க்கும், இரவு பகலாகக் காற்றடிக்கும் திறந்த வெளிக்கும் அதுவே ஏற்றது. கிடைக்காவிடில் கறுப்புப் பாலிஎதிலீன் கொள்ளலாம்.

அடுப்பும் புகைபோக்கியும்: சமையற் பந்தல், இயந்திரப் புகைக்குழாய் ஆகியவற்றின் அருகே செயற்கைக் கயிறு கூடாது. அது தீப்பற்றினால் உருகிச் சொட்டும். நார்க் கயிறும் எரியக் கூடியதே. தீப்பொறி விழுந்தால் கனன்றுகொண்டே இருக்கும். எனவே அங்கே இரும்புக் கம்பியே தக்கது.

விழாவும் தேரும்

பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுப்பிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டையும், அருகிலுள்ள வீரசக்கதேவி ஆலயமும் ஆண்டுதோறும் திரளான மக்களை ஈர்க்கின்றன. விழாக்கள் நடைபெறுவது கோடையில். பெருங்காற்று வீசினால் பந்தற் கயிறுகளே கூட்டத்திற்குக் காவல். பந்தற் கயிற்றை முந்திய ஆண்டுச் சுருளிலிருந்து எடுத்து அப்படியே கட்டாமல், அவிழ்த்து நீளம் முழுதும் பார்த்தபின்பே கட்ட வேண்டும். முளைகளும் கயிறுகளும் மக்கள் நடக்கும் பாதையில் இருந்தால் வெள்ளைத் துணி சுற்றி அடையாளம் செய்ய வேண்டும்.

தேரோட்டத்தில் கயிற்றின் முக்கியத்துவம் இன்னும் மிகுதி. 2024-ஆம் ஆண்டு சூன் 21-ஆம் நாள் திருநெல்வேலி நெல்லையப்பர் திருக்கோயில் ஆனிப் பெருந்திருவிழாவில், சுவாமி தேரை இழுக்கத் தொடங்கியபின் வடங்கள் அறுந்து தேர் நின்றது. வேறு வடம் கொண்டுவந்து இணைத்த பின்பே ஓட்டம் தொடர்ந்தது. நம் கிராமங்களில் உள்ள சிறிய தேர்களுக்கும் இச்செய்தி பாடமாகும். ஆண்டில் ஒருநாள் மட்டும் வெளிவரும் வடம், மற்ற நாள்களில் எங்கே, எப்படி வைக்கப்படுகிறது என்பதே அதன் ஆயுளை நிர்ணயிக்கும். மண் தரையில் சுருட்டிப் போட்ட வடம் அடிப்புறத்தில் மட்கத் தொடங்கும். மேற்புறம் நன்றாகவே தோன்றும். திருவிழாவிற்கு முன்பே வடத்தை முழுதும் நீட்டி, புரிகளைப் பிரித்துப் பார்த்து, இழுத்துச் சோதிப்பது பஞ்சாயத்தாரும் கோயில் நிர்வாகமும் சேர்ந்து செய்ய வேண்டிய பணியாகும்.

ஆள் இறங்கும் கயிறு

கிணறு தூர்வாரும்போதும் ஆழப்படுத்தும்போதும் ஆள் இறங்குவதற்கெனத் தனி விதிகள் வேண்டும். மண் அள்ளும் கூடையைத் தூக்கும் கயிற்றிலோ, இரும்பு வடத்திலோ ஆளை ஏற்றி இறக்கக் கூடாது. ஆளுக்கென வேறு உயிர்காப்புக் கயிறு, இந்தியத் தரக்குறி பெற்ற உடற்பட்டையோடு இருக்க வேண்டும். இதற்கு நைலான் பின்னற் கயிறே தக்கது. அதனை வேறு எந்த வேலைக்கும் எடுக்கலாகாது. கூடை மேலேறும்போது அதற்கு நேர்கீழே எவரும் நிற்கலாகாது. நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் நச்சு வாயு இருக்கக் கூடும். மயங்கி விழுந்தவரைக் காப்பாற்றக் கயிறு இன்றி மற்றொருவர் இறங்கினால் இருவரும் மடிய நேரிடும். அத்தகைய வேளையில் 112-க்குச் செய்தி கொடுத்துத் தீயணைப்புத் துறையை அழைப்பதே முறை.

முடிச்சும் உருளையும்

இறுகாத கண்ணி இடும் முறையை ஒவ்வொருவரும் பழக வேண்டும். கயிற்றின் நீண்ட பகுதியில் சிறு வளையம் ஒன்று இட வேண்டும். நுனியை அவ்வளையத்தின் அடியிலிருந்து மேலே நுழைத்து, நீண்ட பகுதியின் பின்புறமாகச் சுற்றி, மறுபடியும் அதே வளையத்துள் கீழ்நோக்கிச் செலுத்தி இழுத்தால் கண்ணி அமையும். பாரம் ஏறினாலும் அது சுருங்காது. பாரம் இறங்கியபின் எளிதில் அவிழும். கால்நடையின் கழுத்துக்கு இதுவே ஏற்றது. வழவழப்பான செயற்கைக் கயிற்றில் இடும்போது நுனியை ஒரு சாண் நீளம் மிகுதியாக விட்டு, அதனைக் கண்ணியோடு மேலும் ஒரு முடிச்சுப் போட வேண்டும்.

அறுந்த கயிற்றை முடிச்சிட்டு இணைப்பதைக் காட்டிலும், இரு முனைகளின் புரிகளையும் பிரித்து ஒன்றுள் ஒன்று கோத்துப் பின்னி இணைத்தால் வலிமையில் பெரும்பகுதி மிஞ்சும். உருளை சிறியதாக இருந்தால் கயிறு கடுமையாக மடங்கித் தேயும். உருளையின் குறுக்களவு கயிற்றின் பருமனைப்போல் 8 மடங்கேனும் இருக்க வேண்டும். துருவேறிய, விளிம்பு உடைந்த உருளையில் புதுக் கயிறும் சில நாளில் பழங்கயிறாகிவிடும்.

சோதனையும் பராமரிப்பும்

1. நார்க் கயிற்றின் புரிகளைக் கையால் திருகி விலக்கி உட்புறத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே தூள் உதிர்ந்தாலும், கறுத்திருந்தாலும், பூஞ்சண வாடை வீசினாலும் அக்கயிறு பாரத்திற்கு உதவாது.

2. செயற்கைக் கயிற்றில் மேற்புறம் பொடிதல், மயிர் எழும்புதல், உருகிப் பளபளத்தல், ஓரிடத்தில் மட்டும் மெலிதல் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள்.

3. கரிசற் சேறு பட்ட கயிற்றை அன்றே வெறும் நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

4. கயிற்றைத் தரையில் போடாமல் மர முளையில் தொங்கவிட வேண்டும். உர மூட்டை, பூச்சிமருந்து, மின்கல அமிலம், எண்ணெய் ஆகியவற்றின் அருகில் வைக்கலாகாது. தானிய அறையில் வைத்தால் எலி கடிக்கும்.

5. புதிய சுருளை உள்முனையிலிருந்து இழுத்துப் பிரித்தால் முறுக்கு விழாது.

6. கழித்த கயிற்றை முழு நீளமாக வைத்திருந்தால் அவசரத்தில் எவரேனும் எடுத்துவிடுவர். பாரத்திற்கு உதவாததைச் சிறு துண்டுகளாக வெட்டிவிட வேண்டும். நார்த் துண்டுகளை எருக்குழியில் இடலாம். செயற்கைத் துண்டுகளை நிலத்தில் விடவோ, எரிக்கவோ கூடாது. பஞ்சாயத்தின் குப்பை சேகரிப்பில் சேர்க்க வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் பொறுப்பிலுள்ள கயிறுகளுக்கு ஒரு சிறு பதிவேடு வைத்துக்கொள்ளலாம். கயிற்றின் வகை, பருமன், நீளம், வாங்கிய நாள், எந்த வேலைக்குரியது, கடைசியாகச் சோதித்த நாள் ஆகிய ஆறு விவரங்கள் போதும். வாங்கும்போது 'நைலான் கயிறு' என்று பொதுவாக எழுதாமல், பொருள், பருமன், தரக்குறி, வெயில் தாங்கும் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிட்டு விலைப்புள்ளி கேட்க வேண்டும். உயிர்காப்புக் கயிறும் உடற்பட்டையும் பஞ்சாயத்தில் ஒரு தொகுதி இருந்தால், கிணறு வேலை செய்வோர் அனைவருக்கும் உதவும். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை, சித்திரை விழாக்களுக்கு முன் ஒருமுறை, ஆக ஆண்டில் இருமுறை கயிறுகளைச் சோதிப்பதை வழக்கமாக்கலாம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கயிற்றின் உண்மையான விலை கடையில் கொடுக்கும் தொகையன்று. அத்தொகையை அது உழைக்கும் மாதங்களால் வகுத்து வருவதே உண்மை விலை. இருமடங்கு விலையுள்ள கயிறு மூன்று மடங்கு காலம் உழைத்தால் அதுவே மலிவு. அறுந்து ஒரு மோட்டாரையோ மாட்டையோ இழக்கச் செய்யும் கயிறு இனாமாகக் கிடைத்தாலும் விலை மிகுந்ததே.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பது நம் நாட்டுப் பழமொழி. கயிற்றைக் கவனியாது விட்டு, அறுந்தபின் ஓடுவதும் அத்தகையதே. வெயிலுக்குப் பாலியெஸ்டரும் கறுப்புக் கயிறும், ஈரத்திற்குப் பாலிபுரொப்பிலீனும் தேங்காய்நாரும், கால்நடைக்குப் பருத்தியும், தீவனத்திற்கு நாட்டு நாரும், ஆளின் உயிருக்குத் தனி நைலானும் என்று பிரித்து வைத்துக்கொண்டால், நம் கரிசல் கிராமங்களில் பொருள் நட்டமும் உயிர்ச் சேதமும் பெரிதும் குறையும். வரும் மழைக்குமுன் தொழுவிலும் கிணற்றடியிலும் உள்ள கயிறுகளை ஒருமுறை பிரித்துப் பார்த்து, உதவாதவற்றைக் கழிப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.